மூன்று மானிட்டரும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் - ஒரு சின்ன வரலாறு



"ஒரே கம்ப்யூட்டரில் மூன்று மானிட்டர் மாட்டணும், கையில் காசு கம்மி, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" வகுப்பில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. "விலை கூடின கார்டா எடுத்துட்டா பிரச்சினையே இல்ல" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். இந்தக் கார்டுகளின் நாற்பது வருடக் கதையைப் படித்தால் அந்தப் பதில் எவ்வளவு தப்பு என்று தெரியும்.

மேச்சேரிக்கு எதுக்குப்பா மூணு மானிட்டர்?

மேச்சேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆடும் பத்ரகாளியம்மன் கோயிலும்தான் ஞாபகம் வரும். ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஜலகண்டாபுரம், தாரமங்கலம், இளம்பிள்ளை என்று தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள் நிறைய. சேலை டிசைன் இப்போது கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். ஒரு திரையில் முழு முந்தானை, அடுத்ததில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிய பூ, மூன்றாவதில் வியாபாரி அனுப்பிய மாதிரிப் படம் என்று வைத்துக்கொண்டால் வேலை எவ்வளவு சுலபம்!

தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு பழசு. 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு, ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துத் தறியில் பூ எடுக்க வழி செய்தார். பிற்காலத்தில் கணக்கு இயந்திரங்களுக்குத் தகவல் ஊட்டிய அட்டைகளுக்கு அதுதான் முன்னோடி. ஆக, 'அட்டை' நம் பக்கத்துக்குப் புதுசு இல்லை :)

கவனிக்க வேண்டியது, இது கேம் விளையாடும் வேலை இல்லை. அசையாத படத்தைக் காட்டும் வேலை. ஒரு ஃபுல் எச்டி திரையில் 1920 x 1080 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் சுமார் 8 எம்பி. மூன்று திரைக்கும் 25 எம்பி. மென்பொருள்களுக்கென்று கூடுதலாக ஒதுக்கினாலும் ஒரு சாதாரண 2 ஜிபி கார்டு தாராளம். அப்படியானால் சிக்கல் எங்கே?

கதை ஆரம்பம்

1981-ல் வந்த ஐபிஎம் பிசிக்கு இரண்டு வகைக் கார்டுகள் இருந்தன. எம்டிஏ கருப்புத் திரையில் எழுத்து மட்டும் காட்டும். சிஜிஏ கலர் படம் காட்டும். இரண்டும் மெமரியில் வெவ்வேறு இடத்தைப் பிடித்ததால் சண்டை இல்லாமல் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 இதைப் பயன்படுத்தி, ஒரு மானிட்டரில் கணக்கும் இன்னொன்றில் வரைபடமும் காட்டியது.

1987-ல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் 2 வந்தது. பல கார்டு செருகினால் பல மானிட்டர், எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய மேஜை மாதிரி. விண்டோஸ் உலகத்துக்கு இந்த வசதி 1998-ல்தான் கிடைத்தது. விண்டோஸ் 98 ஒன்பது மானிட்டர் வரை தாங்கும். ஆனால் திரைக்கு ஒரு கார்டு வேண்டும்!

1999-ல் மேட்ராக்ஸ் ஜி400, ஒரே கார்டில் இரண்டு மானிட்டர் ஓட்டியது. அடுத்த வருடம்தான் வேடிக்கை. என்விடியாவின் ஜிஃபோர்ஸ்2 வரிசையில் விலை குறைந்த எம்எக்ஸ் சிப்புக்கு இரண்டு மானிட்டர் ஓட்டத் தெரியும். விலை கூடின ஜிடிஎஸ்ஸுக்குத் தெரியாது!

காரணம் எளிது. படத்தை வரைவது ஒரு பகுதி. வரைந்த படத்தை வரி வரியாக எடுத்து மானிட்டருக்கு அனுப்புவது வேறு பகுதி. இரண்டாவது பகுதி எத்தனை இருக்கிறதோ அத்தனை மானிட்டர்தான். சிப் செய்யும்போதே அது முடிவாகிவிடும்.

2009-ல் ஏஎம்டி, ரேடியான் எச்டி 5870 கார்டில் ஐஃபினிட்டி என்று மூன்று திரை கொடுத்தது. அதிலும் ஒரு முடிச்சு. டிவிஐ, எச்டிஎம்ஐ ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம் போடும் கடிகாரம் தேவை. கார்டில் இருந்தது இரண்டே இரண்டு. மூன்றாவது மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டில்தான் மாட்ட வேண்டும், இல்லையென்றால் 'ஆக்டிவ்' அடாப்டர் வாங்க வேண்டும். மலிவான அடாப்டர் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது கருப்புத் திரை. 2012-ல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 680 நான்கு திரை வரை வந்தது.

அதே வேடிக்கை மறுபடியும்

2016-ல் வந்த ஜிடி 710 மூன்று மானிட்டர் ஓட்டும். 2020-ல் ஆசுஸ் இதையே நான்கு எச்டிஎம்ஐ வாயோடு விற்றது. 2017-ல் வந்த, இதைவிட வேகமான ஜிடி 1030 இரண்டுதான் ஓட்டும். 2022-ல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6400 வேகத்தில் இரண்டையும் தூக்கிச் சாப்பிடும். ஆனால் அதற்கும் இரண்டே மானிட்டர்! விலையை மட்டும் பார்த்து வாங்கினால் மூன்றாவது மானிட்டர் சும்மாதான் நிற்கும்.

ஆகவே, காசு கொடுக்கும் முன்

1. முதலில் உங்கள் மதர்போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். 2012-ல் வந்த இன்டெல் மூன்றாம் தலைமுறை முதல், சிப்புக்குள்ளேயே மூன்று திரைக்கு வசதி உண்டு. எத்தனை வேலை செய்யும் என்பது போர்டைப் பொறுத்தது. பெயரில் 'எஃப்' உள்ள இன்டெல் சிப்பில் மட்டும் உள் கிராபிக்ஸ் கிடையாது.

2. பல போர்டுகளில் பயாஸில் ஒரு அமைப்பை மாற்றினால் உள் கிராபிக்ஸும் கார்டும் சேர்ந்தே வேலை செய்யும். இரண்டு மானிட்டர் கார்டில், மூன்றாவது போர்டில். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

3. கார்டு வாங்கியே ஆக வேண்டுமா? தயாரிப்பாளர் பக்கத்தில் 'அதிகபட்சத் திரைகள்' என்ற வரியைப் படியுங்கள். வாய்களை எண்ணி ஏமாறாதீர்கள். மூன்று வாய் இருந்தும் ஒரே நேரத்தில் இரண்டுதான் ஓடும் கார்டுகள் உண்டு.

4. பழைய கார்டு என்றால் டிரைவரை யோசியுங்கள். ஜிடி 710-க்கு என்விடியா பாதுகாப்புத் திருத்தங்களை 2024-ல் நிறுத்திவிட்டது. ஆபீஸ் வேலைக்கென்றே செய்த குவாட்ரோ பி620 போன்றவை நான்கு மானிட்டர் ஓட்டும். செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் பார்க்கலாம். அதில் இருப்பது மினி டிஸ்ப்ளேபோர்ட் என்பதால் அடாப்டர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

5. கரண்ட். பக்கத்திலேயே மேட்டூர் அனல் மின் நிலையம் இருந்தும் 2012 மின்வெட்டு நம்மை விடவில்லை. ஜிடி 710 இழுப்பது 19 வாட், ஜிடி 1030 இழுப்பது 30 வாட். பெரிய கேமிங் கார்டு 200 வாட்டைத் தாண்டும். அதை மாட்டினால் எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் இரண்டையும் மாற்ற வேண்டி வரும்.

ஒரு சின்ன டிசைன் பட்டறைக்கோ, படிக்கிற பையனுக்கோ இந்த வித்தியாசம் சாதாரணம் இல்லை. கார்டில் மிச்சம் பிடித்த காசில் அந்த மூன்றாவது மானிட்டரையே வாங்கிவிடலாம்.