அடிச்சுருதி முன்னுக்கு வந்த வரலாறு: இருண்ட சூழலிசையும் திண்டுக்கல் சமவெளியின் செவியும்

'டார்க் ஆம்பியன்ட்' எனப்படுவது கேட்பவரைத் தாளம் போடவோ முணுமுணுக்கவோ விடாத ஒரு மின்னணு இசைவகை. அதில் மெட்டு அநேகமாக இராது. தாளம் வந்தாலும் எங்கோ தொலைவில் எப்போதாவது கேட்டு மறையும். நீண்டு நிற்கும் தாழ்ந்த ஒலிகள், குகையிலோ வெற்றுக் கிடங்கிலோ எழுவது போன்ற எதிர்முழக்கம், இன்னதென்று அடையாளம் காண முடியாத இரைச்சல் ஆகியவை மெல்ல மாறியபடி அரை மணி நேரம்கூடத் தொடரும். தமிழில் இதனை இருண்ட சூழலிசை எனலாம். இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1970களின் இங்கிலாந்திலிருந்து தொடங்குகின்றனர். அத்தொடக்கம் தவறன்று, ஆனால் போதாது. நீடித்து நிற்கும் ஒற்றை ஒலியே இவ்விசையின் உயிர்நாடி என்பதை ஏற்றால், தம்புராவுக்கும் அகமதாபாத் நகருக்கும் சி.வி. ராமனுக்கும் அவ்வரலாற்றில் இடம் தந்தாக வேண்டும். பாட்டுக்கு அடியில் கிடந்த சுருதி, காலப்போக்கில் பாட்டையே ஒதுக்கிவிட்டு முன்னுக்கு வந்ததன் விளைவே இவ்விசை என்பது இக்கட்டுரையின் வாதம். சிறுமலை அடிவாரத்தில் அம்பாத்துறை ரயில் நிலையத்தையும் சின்னாளபட்டியையும் ஒட்டி அமைந்துள்ள காந்திகிராமமும் அதைச் சூழ்ந்த திண்டுக்கல் சமவெளியும் இவ்வாதத்தை உரசிப் பார்ப்பதற்கு ஏற்ற களமாக இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இப்பகுதிக் கோயில்களில் நாகசுரத்துக்குச் சுருதி கொடுத்து வந்தது ஒத்து. நாகசுரத்தைப் போன்ற தோற்றமுடைய இக்கருவியில் சுரங்களை மாற்றுவதற்கான விரல்துளைகளுக்கு வேலையில்லை. ஒரே சுரத்தை இடைவிடாமல் ஊதிக்கொண்டிருப்பதே ஒத்துக்காரரின் பணி. கன்னத்தில் காற்றைச் சேமித்து அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்ளும் பயிற்சி கைவந்தவரே மூச்சு அறாமல் அதை ஊத முடியும். இவ்வளவு உழைப்பைக் கோரிய போதிலும் மேளக்குழுவில் அவருடைய இடம் கடைசி வரிசைதான். ஒத்து ஊதுவது என்பதையே தமிழ்ச் சமூகம் ஏளனப் பேச்சாக ஆக்கிக்கொண்டது. பின்னர் சுருதிப்பெட்டி வந்ததும் முதலில் கழற்றிவிடப்பட்டவரும் அவரே. நிலைத்த ஒலி இன்றியமையாதது, ஆனால் கவனிக்கத் தக்கதன்று என்ற மதிப்பீடு இதில் வெளிப்படையாகத் தெரிகிறது. கச்சேரி தொடங்குமுன் தம்புரா மட்டும் மீட்டப்படும் சில நிமிடங்களில் அவையோர் பேசிக்கொண்டிருப்பதும், பாடகர் வாய் திறந்ததும் அடங்குவதும் இதே மதிப்பீட்டின் மற்றொரு வெளிப்பாடு.

ஆனால் அந்தச் சில நிமிடங்களில் ஒலிப்பது எளிய ஒலியன்று. தம்புராவின் குதிரை, அதாவது தந்திகள் மேலேறிச் செல்லும் பாலம், சற்றே வளைந்த தட்டையான மேற்பரப்புடையது; தந்திக்கும் குதிரைக்கும் இடையில் ஜீவாளி எனப்படும் நூலிழை செருகப்படுகிறது. மீட்டப்பட்ட தந்தி குதிரையின் வளைவில் உரசி உரசி விலகுவதால் அடிப்படைச் சுரத்துடன் அதன் மேற்சுரங்கள், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் இருமடங்கு, மும்மடங்கு என அடுக்கடுக்காக எழும் ஒலிகள், ஒன்றன்பின் ஒன்றாகப் பொங்கி எழுந்து அடங்குகின்றன. திருச்சியில் பிறந்து அப்போது கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த சி.வி. ராமன், இந்தியத் தந்திக் கருவிகள் சிலவற்றைப் பற்றி 1921இல் வெளியிட்ட ஆய்வுரையில் இதன் விந்தையை எடுத்துக்காட்டினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் அசையாப் புள்ளியைக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது தாமஸ் யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. தம்புராவும் வீணையும் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்றும், வராமலிருக்க வேண்டிய மேற்சுரங்களும் அவற்றில் வலுவாக ஒலிக்கின்றன என்றும், அதற்குக் காரணம் குதிரையின் வடிவமே என்றும் அவர் காட்டினார். மேலோட்டமாகக் கேட்டால் மாறாத ஓர் ஒலி. உற்றுக் கேட்டால் உள்ளே ஓயாத இயக்கம். இருண்ட சூழலிசையை விரும்பிக் கேட்போர் அவ்விசையைப் பற்றிச் சொல்வதும் இதுவே. தம்புராவை மீட்டும் விரலின் ஓட்டம் பாட்டின் தாளத்தைப் பொருட்படுத்துவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் உறவு இன்னும் தெளிவாகும்.

இந்தச் சுருதியை அடியிலிருந்து எடுத்து மேடையில் வைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க இசையமைப்பாளர் லா மாண்ட் யங். 1960இல் அவர் எழுதிய ஒரு படைப்பில் இரண்டே சுரங்கள் உள்ளன. அவற்றை நெடுநேரம் நிறுத்தி ஒலிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு குறிப்பில்லை. அவ்விரு சுரங்களுக்கிடையே உள்ள தொலைவு நம் வழக்கில் சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தொலைவுதான். கச்சேரிக்கு முன் நம்மவர் பேசிக் கழிக்கும் அந்தச் சில நிமிடங்களையே அவர் முழுக் கச்சேரியாக ஆக்கிவிட்டார் எனலாம். சரோத் கலைஞர் அலி அக்பர் கானின் 1955ஆம் ஆண்டு இசைத்தட்டு அவருக்கு இந்திய இசையை அறிமுகப்படுத்தியது; 1970இல் கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசை மரபைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத் நியூயார்க்குக்கு வந்தபின் யங் அவருடைய சீடரானார்.

சுருதி முன்னுக்கு வந்த இரண்டாவது வழி அகமதாபாத்திலிருந்து தொடங்குகிறது. இதுவே நம் நோக்கில் முக்கியமானது. ஆலை அதிபர் அம்பாலால் சாராபாயின் மகள் கீதா சாராபாய் 1946இல் நியூயார்க் சென்றிருந்தபோது இசையமைப்பாளர் ஜான் கேஜைச் சந்தித்தார். அவர் கேஜுக்கு இந்திய இசையையும், கேஜ் அவருக்கு மேற்கத்திய இசையையும் கற்பித்துக்கொண்டனர். மனத்தை அமைதிப்படுத்தித் தெய்விகத்தை ஏற்கத் தக்கதாக்குவதே இசையின் பயன் என்று தம் ஆசிரியர் சொன்னதாகக் கீதா சாராபாய் கூறியதைக் கேஜ் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார். கலைஞர் எவ்வொலியும் எழுப்பாமல் அமர்ந்திருக்க, அரங்கின் சூழல் ஒலியே இசையாகக் கேட்கப்படும் அவருடைய புகழ்பெற்ற படைப்பு 1952இல் அரங்கேறியது. அன்று பியானோவின் முன் அமர்ந்திருந்தவர் டேவிட் டியூடர். அதே டியூடர்தான் 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, மூக் சின்தசைசரையும் ஒலிநாடாக் கருவிகளையும் கொண்டு இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடத்தை நிறுவினார். சின்தசைசர் என்பது தந்தியோ காற்றுக்குழலோ இன்றி, மின் அலைவுகளிலிருந்தே ஒலியை உருவாக்கி அதன் உயரத்தையும் தன்மையையும் வேண்டியவாறு மாற்றும் கருவி. கீதா சாராபாயுடன் ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அக்கூடத்தில் பணியாற்றினர். 1972 வரை அவர்கள் பதிவுசெய்தவற்றுள் பறவையொலிகளும் கற்பனை விண்வெளிப் பயணங்களும் தம்புராவை நினைவூட்டும் நீண்ட மின்னொலிகளும் உண்டு. அதன்பின் நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் முடங்கிவிட்டன. பால் பர்காஸ் என்ற பிரித்தானியக் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்து, 2020இல் பிபிசி வானொலி ஆவணமாகவும் 2023இல் இசைத்தொகுப்பாகவும் வெளிக்கொணர்ந்தார். அரை நூற்றாண்டு இப்பதிவுகள் கேட்பாரின்றிக் கிடந்ததால், இந்தியாவில் மின்னணு இசை திரைப்படத்தின் வழியாகவே பிறந்தது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

இங்கே ஓர் இணைவைச் சுட்டாமல் செல்வதற்கில்லை. தீண்டாமைக்கு ஆளான ஒரு குடும்பத்தை ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டதால் காந்தியின் அகமதாபாத் ஆசிரமத்துக்கு 1915இல் நன்கொடை நின்றுபோனபோது, பெயர் சொல்லாமல் 13,000 ரூபாய் கொடுத்துச் சென்றவர் அம்பாலால் சாராபாய் என்றே பொதுவாக அடையாளம் காணப்படுகிறது. டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்த மருத்துவர் சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தை நிறுவினர். காந்தியோடு நெருங்கியிருந்த இரு தொழிலதிபர் குடும்பங்களின் பெண்மக்களுள் ஒருவர் கதரையும் கிராமத் தொழிலையும் கிராமக் கல்வியையும் எடுத்துக்கொண்டார். மற்றவர் மின்னொலியிடம் சென்றார். காந்தியின் கொள்கைக்கு எது நெருக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்த ஒருவரின் அருகில் வளர்ந்த குடும்பத்திலிருந்து மௌனத்தை இசையாக்கிய கேஜுக்கு ஒரு சொல் போய்ச் சேர்ந்தது என்பது வெறும் தற்செயல்தானா என்று கேட்க இடமிருக்கிறது.

ஐரோப்பியப் பகுதியை விரைந்து கடக்கலாம். சாலை விபத்தில் அடிபட்டுப் படுக்கையிலிருந்த இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, மிகத் தாழ்வாக வைக்கப்பட்ட இசைத்தட்டு மழையொலியோடு கலந்து கேட்டதிலிருந்து சூழலிசை என்ற கருத்தை அடைந்தார். 1978இல் விமான நிலையங்களுக்கான இசைத்தட்டு வெளியாயிற்று. 1982இல் வந்த மற்றொரு தட்டில் சதுப்பு நிலங்களின் இருள் ஏறியது. இதே காலத்தில், மூடப்பட்டுக்கொண்டிருந்த ஆலைகளின் நாட்டில், திராபிங் கிரிசில் முதலிய குழுக்கள் ஆலை இரைச்சலையே இசையாக்கின. அமைதியான சூழலிசையும் இந்த ஆலையிசையும் கலந்த இடத்தில் இருண்ட சூழலிசை உருவானது. லஸ்ட்மோர்ட் என்ற பெயரில் இயங்கும் பிரையன் வில்லியம்ஸ், கல்லறை நிலவறைகளிலும் குகைகளிலும் பதிவுசெய்த ஒலிகளைக் கொண்டு 1990இல் வெளியிட்ட 'ஹெரெசி' இவ்வகையின் அடித்தளமாகக் கருதப்படுகிறது.

அப்படியானால், நிலைச்சுருதிக்குப் பழகிய தமிழ்ச் செவிக்கு இவ்விசை எளிதில் வசப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழாததற்கு ரசனையை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. ஒலிபெருக்கிக்கும் அதில் பங்குண்டு. திண்டுக்கல் சமவெளியில் மாரியம்மன் திருவிழாவானாலும் காதுகுத்தானாலும் நெடுங்காலம் ஒலித்தது குழாய் ஸ்பீக்கர். நெடுந்தொலைவுக்குக் கேட்க வைப்பதற்காக வடிவமைக்கப்பட்ட அந்தக் கூம்பு, நடுத்தர அதிர்வெண்களைக் கூர்மையாக வீசும். தாழ்ந்த ஒலிகளை அநேகமாக விழுங்கிவிடும். ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் மந்தர சட்ஜமம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 65 அதிர்வுகள். குழாய் ஸ்பீக்கரில் அந்த அடிப்படை அதிர்வு வெளிவருவதே இல்லை. ஆயினும் கேட்பவருக்குச் சுருதி தப்புவதில்லை. காரணம், மேற்சுரங்கள் வந்துசேர்ந்தால் அவற்றுக்கிடையேயுள்ள இடைவெளியிலிருந்து, வராத அடிப்படைச் சுரத்தை மூளை தானே கணித்துக்கொள்கிறது. மேற்சுரம் நிறைந்த தம்புராவும் நாகசுரமும் மோசமான ஒலிபெருக்கியிலும் பிழைத்திருப்பது இதனால்தான். இருண்ட சூழலிசைக்கு அந்தக் காப்பு இல்லை. மேற்சுரங்கள் வடிகட்டப்பட்ட 40, 50 ஹெர்ட்ஸ் ஒலிகளே அதன் சதையும் எலும்பும் ஆதலால், குழாய் ஸ்பீக்கரிலோ கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலோ அதைப் போட்டால் எஞ்சுவது வெறும் சரசரப்பு மட்டுமே. இதற்கிடையில் பெங்களூரின் ஜி. ராஜ் நாராயண் 1979இல் உருவாக்கிய மின்னணுத் தம்புராவும் மின்சுருதிப்பெட்டிகளும் பஜனைகளிலும் கச்சேரிகளிலும் இடம்பிடித்தன. காற்றுக் குறையாமல், கை ஓயாமல், மணிக்கணக்கில் ஒலிக்கும் நிலைத்த மின்னொலி சிற்றூர்களுக்கு இவ்வாறு வந்துசேர்ந்தது. ஆனால் வழக்கம்போலப் பாட்டுக்கு அடியிலேயே.

தாழ்ந்த ஒலியைத் தமிழர் உடம்பால் உணரத் தொடங்கியது திரையரங்கில்தான். வீணை எஸ். பாலசந்தர் 1954இல் பாடலே இல்லாமல் இயக்கிய 'அந்த நாள்' முன்னோடி முயற்சி என்றாலும் அக்கால அரங்குகளின் ஒலியமைப்பு குறுகியது. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி வழியான மின்னணு இசையைப் பயன்படுத்தினார். ஆனால் அது தாளம் சார்ந்த மின்னணு இசை. பாடல்கள் இல்லாத 'குருதிப்புனல்' 1995இல் டால்பி ஸ்டீரியோ ஒலிநுட்பத்துடன் வந்தபோதுதான், மெட்டற்ற பதற்றத்தை ஒலியாலேயே கட்டுவதற்கு அரங்கும் தயாராயிற்று. இந்தப் போக்கின் எல்லை 2011இல் வந்த 'நடுநிசி நாய்கள்'. பின்னணி இசையே இல்லாமல் ரங்கநாத் ரவியின் ஒலி வடிவமைப்பை மட்டும் நம்பிய அப்படத்தில், ஒலி எங்கே முடிகிறது, இசை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியே பொருளிழக்கிறது. டார்க் ஆம்பியன்ட் என்ற பெயரைக் கேள்விப்படாத பல்லாயிரம் பேர் திகில் படங்களின் வழியாக அதன் இலக்கணத்தைக் கற்றுவிட்டனர். அச்சத்தோடு பிணைத்தே கற்றனர் என்பதுதான் குறை. நீண்ட தாழ்ந்த ஒலி என்றாலே அடுத்து ஏதோ பாயப்போகிறது என்று எதிர்பார்க்கும் செவி, ஒன்றுமே பாயாத அரை மணி நேர இசையில் ஏமாற்றம் அடைவது இயல்பு.

இன்னொரு தடை ரசனையிலும் இல்லை, கருவியிலும் இல்லை, வேலைத்தலத்தில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் நூற்பாலைகள் நிறைந்த மாவட்டம். கதிர்கள் ஆயிரக்கணக்கில் சுழலும் ரிங் ஃபிரேம் எனப்படும் நூற்பு எந்திரக் கூடத்தில் எழுவது எட்டு மணி நேரம் நிற்காத ஒரே முழக்கம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபலை உச்சவரம்பாக வைத்திருப்பது இத்தகைய கூடங்களுக்கும் பொருந்தும். ஆலைகள் மூடப்பட்ட ஊர்களில் இங்கிலாந்து இளைஞர்கள் அந்த முழக்கத்தை இசையாக மீட்டெடுத்தனர். ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கும் ஊரில், ஷிஃப்ட் முடிந்து வரும் பெண் அதே முழக்கத்தைக் காசு கொடுத்துக் கேட்பாள் என்று எதிர்பார்க்க முடியாது. நிலைத்த இரைச்சலை அழகாகக் கேட்பதற்கு அதிலிருந்து விலகி நிற்கும் வசதி வேண்டும். ஆகவே இப்பகுதியில் இருண்ட சூழலிசைக்குக் கேட்போர் உருவாகும்போது, அவர்கள் பெரும்பாலும் ஹெட்போன் வாங்க வழியுள்ள, ஆலைக்குள் நுழைய நேராத மாணவர்களாகவும் கணினித் தொழிலாளர்களாகவுமே இருக்கக் கூடும். ஒத்துக்காரருக்கு வாய்க்காத கவனம் அவர் ஊதிய ஒலிக்கு அவர்களிடம் கிடைக்கலாம். அதே ஒலியை ரிங் ஃபிரேமின் அருகில் நின்று கேட்பவர் அந்த அவையில் இடம்பெறுவாரா என்பது இசை வரலாற்றாசிரியரைவிடத் தொழிலாளர் வரலாற்றாசிரியர் ஆராய வேண்டிய கேள்வி.