கப்பல் வைத்திருந்த மிஸ்கீன்கள்

கரையோரக் கிராமங்களில் தோணி உடையவரை 'முதலாளி' என்று அழைப்பது எமது வழக்கம். தோணி கரையில் நிற்கிறது, வலை வாடியில் கிடக்கிறது, ஆகவே அவர் வசதியுள்ளவர் என்பது ஊரின் முடிவு. அல்குர்ஆனோ வேறொரு பார்வையைத் தருகிறது. ஸூறத்துல் கஹ்ஃபில் மூஸா (அலை) அவர்களோடு பயணம் செய்த ஹிழ்ர் (அலை) அவர்கள் ஒரு கப்பலைச் சேதப்படுத்துகிறார்கள். பின்னர் அதற்கான காரணத்தைச் சொல்லும்போது, அக்கப்பல் கடலில் உழைத்துப் பிழைக்கும் மிஸ்கீன்களுக்குரியது என்றும், கப்பல்களைப் பலவந்தமாகப் பறிக்கும் அரசனொருவன் அவர்களுக்கு அப்பால் இருந்தான் என்றும் விளக்குகிறார்கள். கப்பலும் இருக்கிறது, வறுமையும் இருக்கிறது! ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இந்த வசனத்தை ஆதாரமாகக் கொண்டே பகீரையும் மிஸ்கீனையும் வேறுபடுத்தினர். மிஸ்கீனிடம் ஏதோ ஒன்று இருக்கும். ஆனால் அது அவனுடைய தேவைக்குப் போதாது.

மார்க்க நூல்களில் நாம் வாசித்துவிட்டுக் கடந்துபோகும் இந்தச் சிறு குறிப்பு, கடல் சார்ந்த எமது வரலாற்றை விளங்கிக்கொள்ள நல்லதொரு திறவுகோல் என நான் கருதுகிறேன். கடல் வணிகத்தில் எம் முன்னோரின் பெருமையை நிறையவே எழுதிவிட்டோம். கலத்தை வைத்திருக்க என்ன செலவானது, அந்தச் செலவை யார் சுமந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

இந்து சமுத்திரத்தில் கப்பலை நடத்தியவரை 'நாகுதா' என்றனர். கலத்தின் தலைவன் எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது. ஆனால் முழுக் கலத்தின் பாரத்தையும் தனியொருவர் சுமப்பதைப் பெருஞ் செல்வந்தர்கள்கூடத் தவிர்த்தார்கள். கெய்ரோவின் பழைய யூத ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்ட கெனீஸா ஆவணங்களில் 12ஆம் நூற்றாண்டில் இந்தியாவோடு வணிகம் செய்தவர்களுடைய கடிதங்கள் பல உள்ளன. ஏடன் துறைமுகத்தில் வணிகர்களின் பிரதிநிதியாக இருந்த மத்மூன் என்ற யூதரும், அந்நகரின் முஸ்லிம் ஆளுநர் பிலால் பின் ஜரீரும் பங்காளிகளாகி இலங்கைக்கு ஒரு கப்பலை அனுப்பிய செய்தி அவற்றின் மூலமே தெரியவருகிறது. ஆளுநருக்கே பங்காளி தேவைப்பட்டார் என்றால் கப்பலின் செலவு எத்தகையது என்பதை ஊகிக்கலாம்.

அந்தச் செலவு கட்டி முடித்ததோடு ஓய்வதில்லை. அக்காலத்து மரக்கலங்கள் பல கயிற்றினால் தைக்கப்பட்டவை. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, கலங்களைத் தைப்பதற்கான தென்னங்கயிறு மாலைதீவிலிருந்து யெமன் வரை ஏற்றுமதியானதைப் பதிவு செய்துள்ளார். உப்பிலும் வெயிலிலும் கயிறு இற்றுப்போகும். பலகைக்கு மீனெண்ணெய் பூசவேண்டும். பருவக்காற்று மாறும்வரை கலம் துறையில் கிடக்க, அதன் ஆட்களுக்குச் சோறு போடவேண்டும். உழைக்காத நாளிலும் செலவு வைக்கும் சொத்து கப்பல்.

16ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கில் இன்னொரு வரி சேர்ந்தது. கார்த்தாஸ் என்ற அனுமதிச் சீட்டு இல்லாத கலங்களைப் போர்த்துக்கேயர் பறித்தனர். சீட்டுக்குப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது. அவர்களுடைய கோட்டையுள்ள துறைக்குச் சென்று தீர்வையும் செலுத்தவேண்டும். பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் தமது 'துஹ்பதுல் முஜாஹிதீன்' நூலில் இந்தச் சீட்டு முறையின் கொடுமையை எழுதியுள்ளார். எமது மத்ரஸாக்களில் ஓதப்படும் 'பத்ஹுல் முஈன்' நூலை எழுதியவரும் இவரே. ஒரு பக்கம் பிக்ஹு, மறுபக்கம் கடலில் பறிபோன கலங்களின் துயரம். இரண்டையும் ஒரே கை எழுதியது. கப்பல்களைப் பறித்த அரசனைப் பற்றிய வசனத்தை ஓதும்போது அக்காலத்து மலபார் முஸ்லிம்களுக்கு அது பழங்கதையாக இருந்திருக்காது.

பிரித்தானியர் காலத்தில் பறிப்பு ஏலமாயிற்று. சிலாவத்துறைக்கும் மரிச்சிக்கட்டிக்கும் அப்பாலிருந்த முத்துப் பார்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளித்தவர்கள், எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கை அரசாங்கத்துக்குக் கொடுத்தனர். மிகுதி ஒரு பங்கைத்தான் சுழியோடிகளும் தோணிக்காரரும் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தோணி சேதமானால் அது அரசாங்கத்தின் கணக்கில் வராது.

இனி எமது காலத்துக்கு வருவோம். எமது கரைகள் பலவற்றில் பங்கு முறை இன்றும் நிலவுகிறது. விற்பனைப் பணத்தில் எண்ணெய், ஐஸ், சாப்பாடு ஆகிய பொதுச் செலவு முதலில் கழியும். எஞ்சியதில் பாதி தோணிக்கும் வலைக்கும், பாதி ஆட்களுக்கு. நட்டம் வந்தால் முதல் போட்டவர் முதலை இழக்கிறார், உழைத்தவர் உழைப்பை இழக்கிறார். முழாரபா பற்றி பிக்ஹு நூல்கள் சொல்வதற்கு இது நெருக்கமானது. எனினும் இதனை எமக்கு மட்டும் உரியதாகச் சொந்தம் கொண்டாட முடியாது. கத்தோலிக்க, இந்து மீனவர்களிடமும் இதே முறை உண்டு.

விளங்குவதற்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் மீன் 10,000 ரூபாவுக்கு விற்கிறது. பொதுச் செலவு 4,000 போக எஞ்சியது 6,000. ஆட்கள் மூவருக்கு ஆளுக்கு 1,000, தோணிக்கு 3,000. ஊர் இந்த 3,000ஐத்தான் பார்க்கிறது. ஆனால் 9 இலட்சத்துக்கு வாங்கிய தோணி 15 வருடம் நிற்கும், 6 இலட்சத்து இயந்திரம் 6 வருடம் ஓடும், 3 இலட்சத்து வலை 2 வருடம் தாங்கும் என வைத்துக்கொள்வோம். வாடைக் காலமும் பழுது பார்க்கும் நாளும் போக வருடத்தில் 150 நாட்கள் கடலுக்குப் போனால், நாளொன்றுக்குத் தோணிக்கு 400, இயந்திரத்துக்கு 667, வலைக்கு 1,000 என 2,067 ரூபா ஒதுக்கவேண்டும். முதலாளிக்கு மிஞ்சுவது 933 ரூபா. கூலிப் பங்காளியின் 1,000ஐ விடக் குறைவு. திருத்த வேலையும் ஆட்களுக்குக் கொடுத்த முற்பணமும் கடனும் இன்னும் கணக்கில் வரவில்லை. ஒதுக்காமல் உண்டுவிட்டாலோ, இயந்திரம் நிற்கும் நாளில் அவர் கடனாளியாகிறார்.

இந்தக் கணக்குக் கடினமானதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு மரமும் கயிறும் கரையிலேயே கிடைத்தன. வலையைக் கையால் முடைந்தனர். 1958இல் அரசாங்கம் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைத் தவணைக் கடனில் வழங்கத் தொடங்கியது. நைலோன் வலையும் வெளி இணைப்பு இயந்திரமும் பரவின. மீன் கூடுதலாகக் கிடைத்தது உண்மை. ஆனால் செலவின் பெரும்பகுதி கரையைவிட்டுக் கப்பலேறி, டொலரோடு பிணைந்துகொண்டது. அதன் விளைவை 2022 ஆகஸ்ட் 21இல் கண்டோம். அன்று மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே அடியில் உயர்ந்தது. அதன் பின்னர் விலை மாறினாலும் அந்த நாட்களில் பட்ட கடன் மாறவில்லை.

எந்த ஒதுக்கீட்டாலும் தாங்கமுடியாத இழப்புகளும் வந்தன. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவின் மக்கள் கடல் வழியாகக் கற்பிட்டியில் கரையேறியபோது தோணியும் வலையும் வாடியும் பின்னால் கிடந்தன. 2004 டிசம்பர் 26இன் சுனாமி கிழக்குக் கரையின் கலங்களை வீடுகளுக்கு மேலே தூக்கியெறிந்தது. பின்னர் உதவியாகப் படகுகள் வந்தன. சில தரம் குறைந்தவை, சில மீன்பிடி தெரியாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தவை. படகைக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதன் இரண்டாம் வருடச் செலவைப் பற்றி யோசித்தார்கள்?

அந்த இடைவெளியில்தான் கடன்காரர் நுழைகிறார். எண்ணெய்க்கும் வலைக்கும் முற்பணம் தருவார், வட்டி என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார். பிடித்த மீன் முழுவதையும் தனக்கே, சந்தை விலையிலும் குறைத்துத் தரவேண்டும் என்பார். பெயர் மாறினாலும் சுமை அதுதான்.

ஸக்காத் பட்டியல் எழுதப்படும் வேளையில் 'அவருக்குத் தோணி இருக்கிறது' என்ற ஒரே வசனத்தோடு ஒரு பெயர் வெட்டப்படுவதை நாம் அறிவோம். ஸக்காத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் மிஸ்கீனும் இருக்கிறான், கடன்பட்டவனும் இருக்கிறான். தீர்ப்பு உலமாக்களுக்குரியது, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தீர்ப்புக்கு முன் கணக்கைப் பார்க்கலாமே என்பது என் வேண்டுகோள். ஒவ்வொரு கரைப் பள்ளிவாசலும் தன் மஹல்லாவின் தோணிகளுக்கு ஒரு பேரேடு வைத்து, பருவகாலத்தில் சிறு தொகையைக் கூட்டாகச் சேமித்து, வாடையில் வட்டியில்லாக் கடனாகத் திருப்பிக் கொடுத்தால் பல தோணிகள் கைமாறாமல் தப்பும். கப்பலுக்குப் பங்காளி தேடிய பழைய நாகுதாக்களின் அறிவு இதைவிட வேறொன்றல்ல.