ஒலியமைப்பில் தொலைக்கருவிகளை இணைத்தலும் இனங்காணலும்

பெரிய மண்டபம், ஆலயம், விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் மிக்சர் ஓரிடத்தில் இருக்க, மேடைப் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், கம்பியில்லா மைக்கின் ரிசீவர், சுவரில் பதித்த கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை வெவ்வேறு மூலைகளில் இருக்கும். மிக்சருக்கு எட்டத்தில் இருந்துகொண்டு அதனுடன் சேர்ந்து இயங்கும் இவையே தொலைக்கருவிகள். இவற்றை வலையமைப்பில் சேர்ப்பது இணைத்தல். கணினிப் பட்டியலில் தெரியும் ஒரு பெயர் எந்த இடத்திலுள்ள எந்தக் கருவிக்கு உரியது என்று உறுதி செய்வது இனங்காணல்.

முன்பு ஒவ்வொரு மைக்குக்கும் தனிச் செப்புக்கம்பி ஓடியது. கம்பியைத் தொடர்ந்து சென்றாலே கருவியை அடைந்துவிடலாம். இனங்காணல் தனி வேலையாக இருக்கவில்லை. வலையமைப்பு வந்தபின் ஒரே கேபிளில் பல குரல்கள் செல்கின்றன. டான்டே என்ற வலையமைப்பு ஒலிமுறையில் ஒரு கிகாபிட் இணைப்பு திசைக்கு 512 சேனல்கள் வரை சுமக்கிறது. கேபிளைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. 1996இல் வந்த கோப்ராநெட் என்ற முறை ஒலிக்கட்டுகளை எண்களால் அடையாளப்படுத்தியது. 2006இல் சிட்னியில் தொடங்கப்பட்ட ஆடினேட் நிறுவனத்தின் டான்டே, எண்ணை விட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டது. வெவ்வேறு முறைகளைச் சேர்ந்த கருவிகள் ஒலியைப் பரிமாறிக்கொள்ள 2013இல் ஏஇஎஸ்67 என்ற பொதுத்தரம் வெளியானது.

டான்டே கருவிக்கு மின்சாரம் கொடுத்து வலையமைப்புச் சுவிட்சுடன் இணைத்ததும், முகவரி வழங்கும் சேவை வலையமைப்பில் இல்லையென்றால் அது 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே எடுத்துக்கொள்கிறது. பிறகு தன் பெயரையும் சேனல்களையும் தான் சேர்ந்துள்ள வலையமைப்புப் பிரிவு முழுவதற்கும் அறிவிக்கிறது. இந்த அறிவிப்பு ரவுட்டரைத் தாண்டிச் செல்லாது. பட்டியலைக் காட்டும் மடிக்கணினி ஒரு பிரிவிலும் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு பிரிவிலும் இருந்தால், விளக்குகள் எல்லாம் எரிந்தாலும் பட்டியலில் கருவி தோன்றாது. கருவி காணாமல் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றவும் வேண்டும். சுவிட்சின் மின்சிக்கன வசதி அந்தக் காலக்கணக்கைக் குலைக்கும் என்பதால் அதை அணைத்து வைப்பது வழக்கம்.

தொழிற்சாலையிலிருந்து வரும் கருவியின் பெயர் பெரும்பாலும் மாதிரிப் பெயரும் சில எழுத்தெண்களும் சேர்ந்ததாக இருக்கும். ஒரே வகை ஆம்ப்ளிஃபயர்கள் பத்து வந்தால் பத்தும் பட்டியலில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். இதற்காகப் பல கருவிகளில் இனங்காட்டும் வசதி உண்டு: கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் கருவியின் விளக்கு மட்டும் மின்னும். ஒருவர் கணினியிலும் மற்றொருவர் கருவிகளின் அருகிலும் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து உடனே பெயரிட வேண்டும். டான்டே பெயர் 31 எழுத்துகளுக்குள், ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவற்றால் மட்டும் அமையலாம். தமிழ் எழுத்தை அது ஏற்காது.

இந்தப் பெயர் வெறும் அடையாளச் சீட்டு அன்று. ஒலியைப் பெறும் கருவி, அனுப்பும் கருவியின் பெயரையும் சேனலின் பெயரையும் நினைவில் வைத்தே தொடர்பை ஏற்படுத்துகிறது. எனவே ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் அனுப்பும் கருவியின் பெயரை யாராவது மாற்றினால் ஒலி நின்றுவிடும். பெயரைச் சார்ந்த இந்த முறையே பழுது நேரத்தில் நன்மையாகவும் மாறுகிறது: கெட்டுப்போன மேடைப் பெட்டியை எடுத்துவிட்டு, அதே வகைப் புதிய பெட்டிக்குப் பழைய பெயர்களைக் கொடுத்தால் தொடர்புகள் தாமாகவே மீள்கின்றன. ஆகவே பெயரில் இடமும் பணியும் எண்ணும் இருக்க வேண்டும். நாளை மாறிவிடக்கூடிய மாதிரிப் பெயருக்கு அதில் இடம் தரக்கூடாது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கட்டடங்களை வைத்துப் பார்த்தால் இதன் தேவை தெளிவாகும். ஜொகூர் பாருவின் அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயம் 1922இல் தோன்றி, 2009இல் கண்ணாடிக் கோயிலாகப் புதுப்பொலிவு பெற்றது. கண்ணாடி பதித்த சுவர்களும் தூண்களும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும். இத்தகைய உட்புறத்தில் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை அலறவிடுவதைவிட, சிறிய ஒலிபெருக்கிகள் பலவற்றைக் கேட்போருக்கு அருகில் வைத்துத் தணிந்த ஒலியில் இயக்குவதே தகும். ஒலிபெருக்கிகள் கூடக்கூட, பெயரிட வேண்டியவையும் கூடும்.

இஸ்கந்தர் புத்ரியில் 2020இல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராகிம் விளையாட்டரங்கில் ஏறத்தாழ 40,000 பேர் அமரலாம். செப்பு ஈதர்நெட் கேபிளின் எல்லை 100 மீட்டர். அரங்கைச் சுற்றிவர அது போதாது, கண்ணாடி இழை கேபிள் வேண்டும். இடியும் மின்னலும் மிகுந்த தீபகற்ப மலேசியாவில் கட்டடங்களுக்கிடையே கண்ணாடி இழை மின்னெழுச்சியைக் கடத்தாமல் கருவிகளைக் காக்கிறது. இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு பெயர் தவறினால், வெளியேறச் சொல்லும் அவசர அறிவிப்பு வேறு பகுதிக்குப் போய்விடும். அங்கே இனங்காணல் உயிர்காப்புப் பணியாகிறது.

கம்பியில்லா மைக்கைப் பொறுத்தவரை ஜொகூர் பாருவுக்குத் தனிச் சிக்கல் உண்டு. சிங்கப்பூர் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தரைப்பாலத்திற்கு அப்பால்தான் இருப்பதால், அங்கிருந்து வரும் அலைகளும் ரிசீவரில் விழும். மைக்கின் அலைவரிசையை நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே அலசிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அது மலேசியத் தகவல் தொடர்பு பல்லூடக ஆணையம் அனுமதித்த வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பெயர், இடம், சுவிட்சின் துளை எண், அலைவரிசை ஆகியவற்றைப் பட்டியலாக்கி, கருவி அலமாரியின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு கருவியின் மேலும் அதே பெயரை எழுதிய சீட்டு இருக்க வேண்டும். அமைப்பை நிறுவியவர் இல்லாத திருவிழா நாளில், அதை இயக்குபவர் நம்பக்கூடியது அந்தப் பட்டியலை மட்டுமே.