மவுண்ட் றோயல் மலையடியில் ஒரு கேள்வி



"பிள்ளை துகள் பௌதிகவியல் படிக்கப்போகிறேன் என்கிறான், சுவாமி. அதனால் யாருக்கு என்ன பயன்?" என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். 2012இல் ஜெனீவாவுக்கு அருகே கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகளால் இன்றுவரை ஒரு விளக்குத்தானும் எரியவில்லை என்பது உண்மையே. எனினும் இக்கேள்விக்கு நாம் வாழும் மொன்றியலின் வரலாறே விடை பகர்கின்றது.

1898இல், 27 வயதில், ஏர்னஸ்ட் ரதர்போர்ட் மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். தோரிய அணுக்கள் தாமாகவே சிதைந்து வேறொரு தனிமமாக மாறுகின்றன என்பதை அவரும் பிரெடரிக் சொடியும் 1902இல் அறிவித்தனர். அணு மாறாதது என்ற நெடுங்கால நம்பிக்கை மவுண்ட் றோயல் மலையடியில் தகர்ந்தது. கதிரியக்கப் பொருள் ஒவ்வொன்றும் பாதியாகக் குறைவதற்கு அதற்கேயுரிய மாறாத காலம் ஒன்று உண்டென்பதையும் அவர் இங்கேயே கண்டார். அன்று அந்த அறிவை விலைகொடுத்து வாங்குவார் எவருமிலர்.

இவ்வரலாற்றில் நம் தாயகத்துக்கும் இடமுண்டு. தோரியனைட் என்னும் இலங்கைக் கனிமத்தை அறிவியலுலகுக்கு அறிமுகம் செய்தவர்களுள் ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர். அக்கனிமத்தை இலண்டனில் ஆராய்ந்து புதிய கதிரியக்கப் பொருளொன்றைக் கண்ட ஒட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞர், 1905இல் ரதர்போர்டிடம் பயில மொன்றியலுக்கு வந்தார்.

அணுவின் மாற்றத்திலிருந்து ஆற்றல் பெறலாமென்பது வெறும் வீண்பேச்சு என 1933இல் ரதர்போர்டே கூறினார். ஐந்தே ஆண்டுகளில் அவருடைய மாணவர் ஹான், ஸ்ட்ராஸ்மனுடன் இணைந்து, யுரேனிய அணு பிளவுபடுவதைக் கண்டறிந்தார். 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாக்கியும் சாம்பலாயின.

அதே போர்க்காலத்தில், புனித சூசையப்பர் பேராலயத்துக்கு அருகேயுள்ள மொன்றியல் பல்கலைக்கழகத்தில் இரகசியமாக இயங்கிய ஆய்வுகூடம் ஓர் அணு உலையை வடிவமைத்தது. சோக் றிவரில் எழுந்த அவ்வுலை கோபால்ட்-60ஐத் தந்தது. 1951இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் அதன் கதிர்களால் புற்றுநோயாளருக்குச் சிகிச்சை தொடங்கிற்று. ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். ஆகவே, நோயாளியை எவ்வளவு நேரம் கதிருக்கு உட்படுத்துவதெனக் கணக்கிட, ரதர்போர்ட் கண்ட விதியே துணைநின்றது.

அன்புக்குரிய பெற்றோரே, பயனைக் கண்டுபிடித்தவராலேயே முன்னறிய முடியவில்லை. குண்டும் மருந்தும் ஒரே அறிவிலிருந்து பிறந்தன. எது பிறக்கவேண்டுமென்பதை அணு தீர்மானிக்கவில்லை, மனிதரே தீர்மானித்தனர். ஆகவே பிள்ளையைப் படிக்க விடுங்கள். "என்ன சம்பளம்?" என்று கேட்குமுன், நல்ல மனச்சான்றை அவனுக்குக் கொடுத்திருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.