சித்தன்னவாசல்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 10 கல் தொலைவில் உள்ள சிற்றூர் சித்தன்னவாசல். ஆங்குள்ள குன்றின் உச்சியருகே, ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகையில், சமணமுனிவர் கிடந்து நோற்ற 17 கற்படுக்கைகள் உள. தலைவைக்கும் பக்கம் தலையணைபோல் உயர்ந்திருத்தல் காண்க. பெரிய படுக்கையில், எருமிநாட்டிற் பிறந்தார் ஒருவர்க்குச் சிறுபொசில் இளயர் செய்தளித்த அதிட்டானம் இஃதென்னும் பொருள்படப் பண்டைத் தமிழ்ப் பிராமியெழுத்துப் பொறிக்கப்பட்டுளது.

மேற்சரிவிலுள்ள அறிவர்கோயிலை, மகேந்திரவர்ம பல்லவன் அப்பரடிகளாற் சைவஞ் சார்தற்குமுன் குடைவித்தான் என அறிஞர் சிலர் முன்னர்க் கருதினர். சைவர்க்கு இனிய கருத்தே. ஆயின் கல்லிற் சான்றில்லை. ஆங்குள்ள தமிழ்ச் செய்யுட் கல்வெட்டோ, 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபமும் எடுப்பித்தான் என்கின்றது. புதுக்கினான் எனவே, கோயில் அவனுக்கு முற்பட்டதென்பது தேற்றம். முதற்கண் குடைவித்தார் இன்னாரெனத் துணிதற்கு அக்கல்வெட்டு இடந்தரவில்லை.