சைவப்பிரகாச வித்தியாசாலையில் பிள்ளைகள் கற்ற பாடங்கள்

சைவப்பிரகாச வித்தியாசாலை என்பது ஆறுமுக நாவலர் (1822–1879) 1848 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் நிறுவிய பாடசாலை ஆகும். காலனித்துவ ஆட்சிக் காலத்தில் சைவர்கள் தாமே நடத்திய நவீனமுறைப் பாடசாலைகளுள் இது முன்னோடியானது. இதனை மாதிரியாகக் கொண்டு 1864 இல் சிதம்பரத்திலும் அதே பெயருடன் ஒரு பாடசாலையை நாவலர் தொடங்கினார். இப்பாடசாலையில் சமயம் தனியொரு பாடமாக மட்டும் இருக்கவில்லை. வாசிப்பு, இலக்கணம், ஒழுக்கம் ஆகிய எல்லாவற்றினூடாகவும் அது கற்பிக்கப்பட்டது. அங்கு பிள்ளைகள் என்னென்ன கற்றார்கள், எந்த முறையில் கற்றார்கள், எந்தப் பிள்ளைகளுக்கு அக்கல்வி கிட்டாமற் போயிற்று என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவை திண்ணைப் பள்ளிகளே. ஏடு தொடக்கிய பிள்ளை மணலில் விரலால் எழுத்தை எழுதிப் பழகும். பின்னர் ஓலைக்கு மாறும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, எண்சுவடி ஆகியன மனனமாகும். வகுப்பு என்ற பிரிவு இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறும். மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான்.

1814 இல் வெஸ்லியன் மிஷனும் 1816 இல் அமெரிக்க மிஷனும் 1818 இல் சேர்ச் மிஷனும் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கின. கிராமங்கள் தோறும் மிஷன் பாடசாலைகள் எழுந்தன. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் தொடங்கப்பட்டன. அச்சிட்ட புத்தகம், வகுப்புப் பிரிவு, நேர ஒழுங்கு, புவியியல், வானியல், ஆங்கிலம் ஆகியவற்றை இப்பாடசாலைகள் கொண்டுவந்தன. அவற்றோடு வேதாகமமும் வந்தது. புதிய கல்வி வேண்டுமானால் பிள்ளை வேதாகம வகுப்பிலும் இருக்கவேண்டும் என்பதே நிலை. உத்தியோகம் பெறக் கல்வி வேண்டும், கல்வி பெற மிஷன் பாடசாலைக்குப் போகவேண்டும் என்ற நெருக்கடியைச் சைவப் பெற்றோர் எதிர்கொண்டனர்.

நாவலர் இம்முறையை உள்ளிருந்து அறிந்தவர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புப் பணியிலும் உதவினார். 1848 இல் அப்பதவியை விட்டு, சைவப் பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலை தொடங்கினார். மிஷன் பாடசாலைகளின் அமைப்பை அவர் ஒதுக்கவில்லை. அதனை ஏற்று, உள்ளடக்கத்தை மாற்றினார்.

வாசிப்பு

பாடசாலை தொடங்கியதும் எழுந்த முதற் பிரச்சினை புத்தகம். மிஷன் பாடசாலைகளின் வாசகங்களைச் சைவப் பாடசாலையில் வைக்க இயலாது. ஓலைச்சுவடிகளை வகுப்பு முழுவதற்கும் கொடுக்கவும் முடியாது. ஆகவே நாவலர் அச்சுக்கூடம் ஒன்றை நிறுவித் தாமே பாடநூல்களை எழுதலானார். அவற்றுள் முதன்மையானது பாலபாடம் என்னும் வாசக வரிசை. அதன் முதற் புத்தகங்கள் 1850 ஐ ஒட்டி வெளிவந்தன.

பாலபாடம் எழுத்தில் தொடங்கி, சொல், சிறு வாக்கியம், பத்தி, கட்டுரை எனப் படிப்படியாக வளர்வது. இதில் முக்கியமான மாற்றம் உரைநடை. திண்ணைப் பள்ளியில் பிள்ளை கற்றவை பெரும்பாலும் செய்யுள். செய்யுளைக் காதால் கேட்டே மனனம் செய்துவிடலாம். ஏட்டைப் பாராமலே ஒப்புவிக்கலாம். முன்பின் அறியாத ஓர் உரைநடை வாக்கியத்தை முன்னே வைத்தால்தான் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்பது வெளிப்படும். முதல் வகுப்பு ஆசிரியர் எவரும் இதனை அறிவர். நாவலர் சந்தி பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டு, சிறிய வாக்கியங்களாக எழுதியது இந்தத் தேவைக்காகவே. பிற்காலத்தில் அவருடைய உரைநடை பெரிதும் போற்றப்பட்டது. அந்நடை உருவானதற்கு வகுப்பறையும் ஒரு காரணம்.

மேல்வகுப்பு மாணாக்கர் வாசிக்கப் பெரியபுராண வசனம் முதலிய நூல்களை அவர் எழுதினார். நாயன்மார் வரலாற்றைச் செய்யுளில் படிக்க இயலாத பிள்ளையும் வசனத்தில் படிக்க முடிந்தது. இவ்வாறு வாசிப்புப் பாடமே சமயப் பாடமாகவும் அமைந்தது.

இலக்கணமும் சொல்வளமும்

பழைய மரபை நாவலர் முற்றாகக் கைவிடவில்லை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வாக்குண்டாம், நல்வழி, நன்னெறி ஆகிய நீதிநூல்களை உரையுடன் பதிப்பித்தார். மனனம் செய்த வரிக்குப் பொருளும் தெரியவேண்டும் என்பது இதன் நோக்கம். சொல்வளத்திற்குச் சூடாமணி நிகண்டு தொடர்ந்து பயிலப்பட்டது. அதனை உரையுடன் 1849 இல் அச்சிட்டார்.

இலக்கணத்திற்கு நன்னூலே அடிப்படை. எனினும் சிறுவர்க்கு நன்னூற் சூத்திரம் கடினம் என்பதால், இலக்கண வினாவிடை, இலக்கணச் சுருக்கம் என்ற இரு உரைநடை நூல்களை எழுதினார். இலக்கணச் சுருக்கம் இன்றும் ஆசிரியர்களும் மாணவர்களும் புரட்டும் நூலாக உள்ளது.

கணிதமும் புவியியலும்

யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கணிதக் கல்வியின் அடிப்படை எண்சுவடி. பெருக்கல் வாய்பாட்டோடு கீழ்வாய் இலக்கம் எனப்படும் பின்னங்களையும் பிள்ளைகள் மனனம் செய்தனர். அரை, கால், அரைக்கால் என்பவற்றோடு மா (20 இல் ஒன்று), காணி (80 இல் ஒன்று), முந்திரி (320 இல் ஒன்று) என்பனவும் அதில் அடங்கும். நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் கடைக் கணக்கு எழுதவும் இவை வேண்டியிருந்தன. மிஷன் பாடசாலைகள் வழியாக இலக்கக் குறியீட்டில் எழுதிச் செய்யும் கணிதமும் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இரு முறைகளும் அருகருகே வழங்கின.

புவியியல் மிஷன் பாடசாலைகளால் புகுந்த புதிய பாடம். சைவப் பிள்ளைகளும் அதனைக் கற்கவேண்டும் என்று நாவலர் கருதினார். இலங்கைப் பூமி சாத்திரம் என்ற நூல் அவர் எழுதியவற்றுள் ஒன்று. புராணப் படிப்போடு நாட்டின் நிலவியலும் பாடமாகலாம் என்பதே அவருடைய நிலைப்பாடு.

சமயமும் ஒழுக்கமும்

சமயத்தை நேரடியாகக் கற்பிக்க எழுதப்பட்டது சைவ வினாவிடை. கடவுள், திருநீறு, உருத்திராக்கம், ஐந்தெழுத்து, ஆலய வழிபாடு முதலியன வினாவும் விடையுமாக அதில் அமைந்துள்ளன. இவ்வடிவம் கிறிஸ்தவப் பாடசாலைகளின் ஞானோபதேச நூல்களில் நாவலர் நன்கு கண்டு பழகியது. எதிர்ப்பக்கத்தாரின் கருவியைத் தம் சமயத்திற்குப் பயன்படுத்திக்கொண்டார் எனலாம். சிறு பிள்ளைக்கு இம்முறை எளிது, ஆசிரியருக்கும் எளிது. ஆனால் வினாவும் விடையும் முன்னரே வகுக்கப்பட்டவை. பிள்ளை தானாகக் கேட்கக்கூடிய கேள்விக்கு அதில் இடமில்லை.

ஒழுக்கப் பாடம் பாலபாடத்தினுள்ளேயே இருந்தது. கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு, பொய் ஆகியவற்றை விலக்குதல், செய்ந்நன்றி அறிதல், கல்வி முதலிய தலைப்புகளில் கட்டுரைகள் உள்ளன. திருக்குறள் முதலிய நீதிநூல்களின் கருத்தும் சைவ ஆசாரமும் இவற்றில் பிரிக்க முடியாதபடி கலந்துள்ளன.

அரச உதவியும் ஆங்கிலமும்

மிஷன் பாடசாலைகளுக்கு அரச நன்கொடை கிடைத்த காலத்தில், இப்பாடசாலை நெடுங்காலம் நாவலரின் முயற்சியாலும் சைவ அன்பர்களின் உதவியாலுமே நடந்தது. மாணாக்கரிடம் கட்டணம் பெறப்படவில்லை. 1869 இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்ததும், சமயச் சார்புப் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கும் முறை விரிவடைந்தது. வாசிப்பு, எழுத்து, கணிதம் முதலிய பாடங்களில் பிள்ளைகள் பெறும் பரீட்சைப் பேறுகளுக்கு ஏற்ப நன்கொடை கணிக்கப்பட்டது. சமயக் கல்விக்கு நன்கொடை இல்லை. இதனால் பாடசாலை எந்த நோக்கத்திற்காக நிறுவப்பட்டதோ அந்தப் பாடத்திற்குப் பணம் இல்லை. பணம் பெற்றுத் தந்த பாடங்களின் மேலேயே பரிசோதகரின் கண் இருந்தது. சமயப் பாடசாலைகள் எல்லாவற்றிற்கும் இது பொதுவான சிக்கல்.

1872 இல் நாவலர் ஆங்கிலப் பாடசாலை ஒன்றையும் வண்ணார்பண்ணையில் தொடங்கினார். திருநீறு அணிந்து சென்ற மாணவர் சிலர் மிஷன் பாடசாலையொன்றிலிருந்து விலக்கப்பட்டமையே இதற்கு உடனடிக் காரணம் என்பர். போதிய பொருளுதவி இன்மையால் அது சில ஆண்டுகளில் நின்றது.

கற்க இயலாதவர்கள்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். நாவலர் சாதி ஆசாரத்தைச் சைவ ஆசாரத்திலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. அவருடைய எழுத்துகளில் அது வெளிப்படையாகவே காணப்படுகிறது. பிற்கால ஆய்வாளர் பலர் இதனைக் கண்டித்துள்ளனர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இந்தச் சைவப் பாடசாலை மரபு இடமளிக்கவில்லை. கொலையும் பொய்யும் பாவம் என்று ஒழுக்கப் பாடத்தில் கற்ற பிள்ளை, அருகில் அமர அனுமதியில்லாத பிள்ளையைப் பற்றி எதுவும் கற்கவில்லை. சம ஆசனத்திற்கான போராட்டம் அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என்ற அரச உத்தரவுக்கு 1930 ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது.

பெண்பிள்ளைகளின் நிலையும் இவ்வாறே. உடுவில் பாடசாலை 1824 இலேயே தொடங்கியிருக்க, சைவர் சார்பில் பெண்களுக்கெனப் பெரிய கல்லூரி அமைய 1913 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவினார்.

தாக்கம்

நாவலருக்குப் பின் அவர் காட்டிய வழியில் சைவப் பாடசாலைகள் பெருகின. 1923 இல் அமைந்த இந்து வித்தியா விருத்திச் சங்கம் யாழ்ப்பாணக் கிராமங்களில் பல பாடசாலைகளை நடத்தியது. 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. எனினும் சமயம் வகுப்பறையை விட்டு அகலவில்லை. இன்றும் இலங்கையின் ஆரம்பப் பிரிவில் தாய்மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியவற்றோடு சமயமும் ஒரு பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி; மற்றைப் பிள்ளைகளுக்கு அவரவர் சமயம்.

1848 இல் சைவப் பெற்றோர் முன்னிருந்த கேள்வி, தம் சமயத்தை விடாமல் பிள்ளை புதிய கல்வி பெற முடியுமா என்பது. முடியும் என்று சைவப்பிரகாச வித்தியாசாலை காட்டியது. அக்கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்பதை நிலைநாட்டும் பணி பின்வந்த தலைமுறைகளிடம் விடப்பட்டது.