எண்கணிதம்

‘எண்’ தமிழ்ச் சொல். எண்ணு என்றால் கணக்கிடு, நினை என இரு பொருளும் உண்டு. ‘கணிதம்’ வடமொழி, ‘கண்’ என்ற வினையடிக்கும் எண்ணுதல் என்றே பொருள். ஆக, எண்ணுவதை எண்ணுதல்! பள்ளிப் பாடத்தில் இது கூட்டல், கழித்தல். பெயர் சூட்டும் வீட்டிலோ நியூமராலஜி.

இங்கே பலரும் பின்பற்றுவது, அயர்லாந்தில் பிறந்த கைரேகைக்காரர் கீரோ பரப்பிய அட்டவணை. ஆங்கில எழுத்துக்கு 1 முதல் 8 வரை மதிப்பு. பிரியாவைப் பாருங்கள்: பி 8, ஆர் 2, ஐ 1, ஒய் 1, ஏ 1, மொத்தம் 13. பலர் அஞ்சும் எண். கடைசியில் இன்னொரு ‘ஏ’ சேர்த்தால் 14, கூட்டினால் 5, பெற்றோருக்கு நிம்மதி. எச் சேர்த்தால் ஒரேயடியாக 5 கூடும், அதனால்தான் அந்த ஊமை எழுத்துக்கு இவ்வளவு கிராக்கி.

வேடிக்கை என்னவென்றால், தமிழில் ‘பிரியா’ முதலிலிருந்தே நெடிலில்தான் முடிகிறது. க, உ, அ போன்ற எழுத்துகளின் வடிவிலேயே 1, 2, 8 என்று எழுதிய மொழி நம்முடையது. ஆனால் இந்த அட்டவணையில் தமிழ் எழுத்துக்கு மதிப்பே கிடையாது. ஜாதகம் தமிழில் இருந்தாலும் அதிர்ஷ்டம் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில வரியில்தான்.